விமானி உத்தியோகமும் வேப்பம்பட்டு வீட்டுப் பத்திரமும்

வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் சென்ற மாதம் நமது நண்பர் ஒருவர் நம்மைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, பையனை விமானி ஆக்கப் போகிறேன். வீட்டுப் பத்திரத்தைப் பாங்கியில் வைக்கப் போகிறேன். நீங்கள் நாலும் படித்தவர், ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். இவர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் 34 வருஷம் கடைசல் பிடித்து ஓய்வு பெற்றவர். வேப்பம்பட்டில் முக்கால் கிரவுண்டில் ஒரு வீடு, பாங்கியில் ஓய்வுப் பணம் 20 இலட்சம், ஒரு பெண், ஒரு பையன். இவ்வளவுதான் அவர் சொத்து.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வகுப்பு வரையில்தான். மற்றதெல்லாம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் படித்தது. ஆனாலும் வட்டிக் கணக்குப் போடுவதற்கு ஒருவன் பி.ஏ. பாஸ் செய்திருக்க வேண்டுமென்கிற கட்டாயம் இல்லையாதலால், "யாரைக் கேட்டு இந்த முடிவுக்கு வந்தீர், தோழரே?" என்று கேட்டோம். பள்ளிக்கூடத்தார் கொடுத்த வர்ண நோட்டீஸ் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் வெள்ளைச் சட்டையும், தோளில் நாலு தங்கக் கோடும் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே மாதம் 8 இலட்சம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் பிறகு சற்றுத் தயங்கி, ஜோசியரையும் பார்த்ததாகவும், பையன் ஜாதகத்தில் ஆகாய யோகம் அழுத்தமாய் விழுந்திருப்பதாக அவர் சொன்னதாகவும் சொன்னார். ஜோசியருக்குத் தட்சணை 500 ரூபாய்!

வீட்டுப் பத்திரத்தைப் பணயம் வைக்கும் ஒரு காரியத்தில், நோட்டீஸ் அச்சடித்தவனையும் ஜாதகம் பார்க்கிறவனையும் கேட்ட மனிதர், கூட்டல் கழித்தல் தெரிந்த ஒருவரையும் கேட்கவில்லை. இந்த ஜோசியரின் சாஸ்திரப்படி இராகு காலத்தில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது. மீனம்பாக்கத்தில் தினமும் இராகு காலத்தில் எத்தனை விமானங்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன! அந்தச் சாஸ்திரத்தை மீறியே நடக்கிற ஒரு தொழிலுக்கு அதே சாஸ்திரத்தைக் கொண்டு ஆள் எடுப்பது எவ்வளவு பெரிய வேடிக்கை!

அது ஒருபுறமிருக்க, கணக்குக்கு வருவோம்.

விமானி உத்தியோகத்துக்கு வேண்டிய லைசென்ஸை நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொடுக்கிறது. அதைப் பெற 18 வயது ஆகியிருக்க வேண்டும், எழுத்துப் பரீட்சைகள் தேற வேண்டும், வைத்தியப் பரிசோதனையில் தேற வேண்டும். அதற்குமேல் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். பணம் கரைவது இந்த 200 மணி நேரத்தில்தான். விமானம், பெட்ரோல், வாத்தியார், ஓடுபாதை எல்லாம் மணிக் கணக்கில் காசு. அமேதி ஜில்லாவில் ஃபுர்சத்கஞ்ச் என்னுமிடத்தில் மத்திய சர்க்காரே நடத்துகிற இந்திரா காந்தி பறத்தல் கழகத்தில்கூட கட்டணம் 45 இலட்ச ரூபாய் அளவில் இருக்கிறது. சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து இவையும் சேர்ந்தால் 50 என்று வையுங்கள்.

இதோடு தீர்ந்ததென்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். தீரவில்லை. சிறிய விமானத்தில் பழகிய லைசென்ஸைக் கொண்டு ஏர்பஸ்ஸையோ போயிங்கையோ தொட முடியாது. இன்ன ரக விமானத்தை இவன் ஓட்டலாம் என்று தனியாக ஒரு பயிற்சியும் முத்திரையும் வேண்டும். டைப் ரேட்டிங் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் அதையும் பையனே தன் செலவில் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு மேலும் 15, 20 இலட்சம். ஆக 70 இலட்சம். நண்பரிடம் இருப்பது 20. மீதி 50 இலட்சத்துக்குத்தான் வீட்டுப் பத்திரம்.

நூற்றுக்கு 11 வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே முழுக் கடனையும் வாங்கியதாகவும், வேலை கிடைக்கும் வரையில் வட்டி கட்ட வழியில்லாமல் அது முதலோடு ஏறுவதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷத்தில் படித்து முடித்து மறுநாளே வேலையில் சேர்ந்தால் கடன் 61 இலட்சத்து 60 ஆயிரம். அதைப் பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 85,000 ரூபாய். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் காத்திருந்து வேலை கிடைத்தால் கடன் ஏறக்குறைய 76 இலட்சம், மாதத் தவணை 1,05,000. ஐந்து வருஷம் காத்திருந்தால் கடன் ஒரு கோடியைத் தாண்டிவிடும், தவணை 1,43,000.

இப்போது வரவு. நோட்டீஸில் கண்ட 8 இலட்சம் பல வருஷ அனுபவமுள்ள தலைமை விமானிக்கு. நமது பையன் சேரும்போது பக்கத்து நாற்காலியில் உட்காரும் துணை விமானியாகத்தான் சேருவான். அவனுக்கு முதலில் மாதம் ஒன்றரை இலட்சம் என்று வைத்து, வரியும் பிடித்தமும் போனால் கையில் 1,30,000 வரும். மறுநாளே வேலை கிடைத்தவனுக்குத் தவணை போக 45,000 மிஞ்சும். இரண்டு வருஷம் காத்திருந்தவனுக்கு 25,000 மிஞ்சும், அதை வைத்துக்கொண்டு டில்லியிலோ பம்பாயிலோ வாடகை கொடுத்துக் காலந்தள்ள வேண்டும். ஐந்து வருஷம் காத்திருந்தவனோ, சம்பளம் முழுவதையும் பாங்கியில் கொட்டிவிட்டு மாதா மாதம் 13,000 ரூபாய் யாரிடமாவது கைமாற்று வாங்க வேண்டும். ஒரே பையன், ஒரே லைசென்ஸ், ஒரே மூளை. வித்தியாசமெல்லாம் காத்திருந்த வருஷங்களில் இருக்கிறது.

நிற்க, மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்துவது நமது தொழிலல்ல. வேலை கிடைத்து, உடம்பும் ஒத்துழைத்து, ஆறு வருஷம் சராசரி 2 இலட்சத்துக்கு உழைத்து, பிறகு தலைமை விமானியாகி 24 வருஷம் 5 இலட்சம் வீதம் வாங்கினால், முப்பது வருஷத்தில் வரி நீங்காத மொத்த வரும்படி 15 கோடியே 84 இலட்சம் ஆகிறது. விமானிக்கு 65 வயது வரையில் பறக்க இடமுண்டாதலால் இதற்குமேலும் வரக்கூடும். மாதம் ஒரு இலட்சம் வாங்குகிற ஒரு உத்தியோகஸ்தனுக்கு அதே முப்பது வருஷத்தில் வருவது 3 கோடியே 60 இலட்சம்தான். இந்தக் கணக்கின் எதிரில் 70 இலட்சம் தூசு. எனவே, படிப்பு பிரயோஜனமற்றது என்று எவராவது சொன்னால் அவரும் கணக்குத் தெரியாதவரே.

"அப்படியானால் நான் செய்வது சரிதானே, அண்ணே?" என்றார் நண்பர். இந்தக் கேள்விக்குத்தான் சற்று நீட்டிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2003ஆம் வருஷத்தில் ஏர் டெக்கான் என்கிற மலிவுக் கட்டண விமானக் கம்பெனி கிளம்பியது. 2005இல் கிங்ஃபிஷர் கிளம்பியது. விமானிகள் போதவில்லை, போதவில்லை என்று நாடெங்கும் ஒரே கூக்குரல். ஊருக்கு ஊர் பையன்கள் நிலத்தை விற்று அமெரிக்காவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போய் லைசென்ஸோடு திரும்பினார்கள். திரும்பிய சமயத்தில் 2008ஆம் வருஷத்துப் பணமுடை உலகத்தைப் பிடித்துக்கொண்டது. கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தின. ஆயிரக்கணக்கான பேர் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார்கள். வேறு வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். இந்த நெருக்கடியின் நடுவில்தான், 2011இல், பொய் மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் பெற்ற விமானிகள் சிலர் பிடிபட்டுக் கைதான வெட்கக்கேடும் நடந்தது.

சரி, வேலையில் சேர்ந்தவன் தப்பித்தானா என்றால் அதுவும் இல்லை. கிங்ஃபிஷர் மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்காமல் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. கால் நூற்றாண்டு ஓடிய ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17இல் படுத்தது. 2020இல் கொரோனா நோய் வந்து உலகத்து விமானங்களையெல்லாம் தரையில் கட்டிப்போட்டது. 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் கம்பெனி, அமெரிக்க எஞ்சின்கள் பழுதாகி விமானங்கள் முடங்கினதைக் காரணமாய்ச் சொல்லித் திவால் மனுப் போட்டது. அமெரிக்கத் தொழிற்சாலையில் ஓர் எஞ்சின் சரியாய் வார்க்கப்படவில்லையென்றால் வேப்பம்பட்டுப் பையனுக்கு மாதச் சம்பளம் போகிறது. இதில் அவன் செய்த தப்பு என்ன? எந்த ஜாதகத்தில் இது எழுதியிருந்தது? ஜோசியர் 2019இல் ஒருவருக்காவது "கொரோனா வரும், கடன் வாங்காதே" என்று சொன்னாரா?

"பஞ்சம் என்கிறார்களே, அண்ணே! பத்திரிகையில் தினமும் போடுகிறார்களே!" என்றார் நண்பர். பஞ்சம் உண்மைதான். 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் உத்தரவு கொடுத்ததும் மெய். 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளுக்கு ஓய்வு நேரத்தைக் கூட்டிக் கொடுத்த புது விதிக்குத் தக்கபடி ஆள் வைத்துக்கொள்ளாத காரணத்தால், இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்து பிரயாணிகளைத் திண்டாட விட்டதும் மெய். ஆனால் எந்த விமானிக்குப் பஞ்சம் என்பதை நோட்டீஸ்காரர் சொல்வதில்லை. தலைமை விமானியாக வேண்டுமானால் அதற்கான உயர்ந்த லைசென்ஸுக்கே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 200 மணி நேரக்காரன் அந்தப் பஞ்சத்தைத் தீர்க்கிறவன் அல்லன். கொத்தனார் கிடைக்காத ஊரில் சித்தாள்கள் வேலையில்லாமல் நிற்பதை நாம் பார்த்ததில்லையா? 2022இல் நம் நாட்டில் கொடுக்கப்பட்ட விமானி லைசென்ஸ்கள் 1,165. அடுத்த வருஷத்தில் 1,622. வாசலில் வரிசை நீண்டுகொண்டே போகிறது. வாசல் எப்போது திறக்கும், எவ்வளவு அகலமாய்த் திறக்கும் என்பது மட்டும் வரிசையில் நிற்கிறவன் கையில் இல்லை.

காத்திருப்பதாவது இலவசமா? வைத்தியப் பரிசோதனையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கருவிகளைக் கொண்டு பறப்பதற்கான தகுதியை வருஷந்தோறும் பறந்து காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எல்லாம் காசு. வேலையே இல்லாதவன் வேலைக்குத் தகுதியாயிருப்பதற்காகச் செலவழிக்கும் விசித்திரம் இந்தத் தொழிலில் இருக்கிறது. சேர்ந்த பிறகு சம்பளம் போதவில்லையென்று வேறு கம்பெனிக்குத் தாவலாமென்றால், 2017ஆம் வருஷத்து விதிப்படி துணை விமானி 6 மாதமும் தலைமை விமானி ஒரு வருஷமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர், "பணக்காரன் பிள்ளைக்கும் இந்த ஆபத்து உண்டுதானே? அவன் பயப்படாமல் சேர்க்கவில்லையா?" என்றார். இதில்தான் விஷயமே இருக்கிறது. அவனுக்கும் அதே 70 இலட்சம்தான். ஆனால் ஐந்து வருஷம் வேலை கிடைக்காவிட்டால் பணக்காரன் பிள்ளை அப்பன் கம்பெனியில் உட்கார்ந்து காத்திருப்பான், நல்ல காலம் வந்ததும் பறப்பான். வட்டி அவனை விரட்டாது. நமது நண்பரின் பிள்ளைக்கு மூன்றாவது வருஷத்திலேயே பாங்கிக்காரன் வாசலில் நிற்பான். காத்திருக்க முடிந்தவனுக்கு 15 கோடி, காத்திருக்க முடியாதவனுக்கு நடுத்தெரு. இந்தத் தொழிலில் தேர்வு வைப்பது மூளைக்கு மாத்திரமல்ல, பணப்பெட்டிக்கும் சேர்த்துத்தான். 1929 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியாவில் முதல் விமானி லைசென்ஸ் வாங்கினவர் டாட்டா வீட்டுப் பிள்ளை ஜே.ஆர்.டி. டாட்டா. ஏறக்குறைய நூறு வருஷம் ஆகப் போகிறது. வாசல் எவ்வளவு தூரம் நம் பக்கம் நகர்ந்திருக்கிறது?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான மத்திய சர்க்காரின் உயர்தரக் கல்வி உதவித் திட்டத்தில், தனியார் பறக்கும் கழகத்தில் விமானிப் பயிற்சி பெறுகிறவனுக்கு வருஷத்துக்கு 3 இலட்சத்து 72 ஆயிரம் வரையில் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. செலவு 70 இலட்சம், உதவி 3 இலட்சத்து 72 ஆயிரம்! யானைப் பசிக்குச் சோளப் பொரி. மீதியை அந்தப் பையனின் தகப்பனார் எந்தச் சேரியில் போய்க் கடன் கேட்பார்? அடமானம் வைக்க அவருக்குப் பத்திரமாவது உண்டா? இடம் ஒதுக்குகிறோம், இடம் ஒதுக்குகிறோம் என்கிறார்கள். நாற்காலியை ஒதுக்கிவிட்டு, அதில் உட்காரக் கட்டணத்தை ஒதுக்காமல் விட்டால், காலி நாற்காலியைக் காட்டி "ஆள் வரவில்லை" என்று சொல்லத்தான் அது உதவும்.

டாக்டர் படிப்புக்கும் செலவு அதிகம்தான். ஆனால் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் சேர்கிற ஏழைப் பிள்ளை வீட்டை விற்பதில்லை. பொதுப் பணம் அந்தச் செலவைத் தாங்குகிறது. 2020இல் தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் நூற்றுக்கு ஏழரை ஒதுக்கினார்கள். கூலிக்காரன் பிள்ளையும் டாக்டர் ஆவதை இன்று கண்ணால் பார்க்கிறோம். விமானத்தை மட்டும் ஏன் தகப்பன் சொத்தைக் கொண்டுதான் ஓட்ட வேண்டும்? ஆகாயப் படையில் சர்க்காரே விமானிக்குச் சொல்லிக் கொடுக்கிறது. படிப்புக்குக் கட்டணம் கிடையாது, பயிற்சியின் கடைசி வருஷத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவிப் பணமும் கொடுக்கிறது. வாத்தியார்களுக்கே சொல்லிக் கொடுக்கும் பள்ளி நமது தாம்பரத்தில் இருக்கிறது. யுத்தத்துக்கு விமானி வேண்டுமென்றால் பொதுப் பணம், பிரயாணிக்கு விமானி வேண்டுமென்றால் கடைசல்காரனின் ஓய்வுப் பணம் என்றால் இது எந்த நியாயம்? விமானி கிடைக்காமல் திண்டாடுகிற கம்பெனிக்காரன் அல்லவா முதலில் பையைத் திறக்க வேண்டும்?

ஆனால் சர்க்கார் திருந்தும் வரையில் நண்பரைக் காத்திரும் என்று சொல்வதும் சரியல்ல, பையனுக்கு வயது போகும். ஆகவே அவருக்கு நாம் சொன்னது இதுதான்: காசு குறைவாகப் பிடிக்கும் காரியங்களை முதலில் முடியுங்கள். வைத்தியப் பரிசோதனையில் முதல் வகுப்புத் தகுதி கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பணம் கட்டின பிறகு நிறக்குருடு என்று தெரிந்து திரும்பினவர்கள் உண்டு. திசையறிதல், வானிலை, விமான விதிகள், எந்திர அறிவு இவைகளில் நூற்றுக்கு 70 வாங்கித் தேற வேண்டிய எழுத்துப் பரீட்சைகளை வீட்டிலிருந்து படித்தே எழுதலாம். அதற்குச் சில ஆயிரங்கள் போதும். ஆகாயப் படைப் பரீட்சையையும் ஒரு கை பார்க்கட்டும். விமானி யோக்கியதைக்கான சோதனையை ஆயுளில் ஒரே தடவைதான் எழுத விடுவார்கள், ஆகையால் விளையாட்டாய்ப் போய் வரக் கூடாது. இத்தனையும் தேறின பிறகு பணத்தைப் பற்றிப் பேசுவோம். அப்போதும், 70 இலட்சமும் அடியோடு போனால்கூட மிச்சம் நிற்கிற கூரை ஒன்று இருந்தால்தான் கடன். குடியிருக்கிற ஒரே வீட்டை வைத்து வேண்டவே வேண்டாம்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "விமானி மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டாரே கடனை அடைத்துவிடுவார்கள் என்று என் மைத்துனன் சொல்கிறான்" என்றார். நமக்குக் கோபம் வந்துவிட்டது. மகனைப் படிக்க வைக்கிறீரா, சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறீரா என்று கேட்டுவிட்டோம். கேட்டது சரிதான், சத்தம் சற்று அதிகமாகிவிட்டது. திருவள்ளூர் வண்டிக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மாலை அவர் வீட்டுக்கே போனோம். பெண் கணக்கில் பட்டம் பெற்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். நாம் துண்டுக் காகிதத்தில் போட்ட வட்டிக் கணக்கை வாங்கிப் பார்த்து, "மாமா, கடனைத் தவணை தவணையாகத்தானே தருவார்கள்? முதல் நாளே முழுத்தொகைக்கும் வட்டி போட்டிருக்கிறீர்கள்" என்றாள். அவள் சொன்னது சரி. அப்படிப் பார்த்தால் தொகை கொஞ்சம் இறங்கும், முடிவு மாறாது. தகப்பனாரை நோக்கி, "கணக்கு இவளுக்கு வருகிறது, பௌதிகம் இவள் படித்திருக்கிறாள், இவளை ஏன் விமானியாக்க நினைக்கவில்லை?" என்று கேட்டோம். அவர் நாம் என்னவோ வேறு பாஷையில் பேசினதுபோல் விழித்தார். 1947இல் பிரேம் மாத்தூர் என்கிற பெண் விமானி லைசென்ஸ் பெற்று எட்டுக் கம்பெனிகளில் மறுக்கப்பட்டு, கடைசியில் டெக்கான் ஏர்வேஸில் ஓட்டினார். இன்று நம் நாட்டு விமானிகளில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேர் பெண்கள். உலகச் சராசரியைப்போல் இது மூன்று பங்கு. பையனுக்காக அடமானத்துக்குப் போகவிருந்த வீட்டில் பெண்ணுக்கும் பையனுக்குச் சமமான வாரிசு பாத்தியதை உண்டென்பதும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்ததாகத் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சந்தித்தோம். பத்திரம் பெட்டியிலேயே இருக்கிறதாம். பையன் வைத்தியப் பரிசோதனைக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம். அவனுக்கென்று வாங்கின வானிலைப் புத்தகத்தை அக்காள்தான் முதலில் படித்து முடித்தாளாம்.